சீர் தப்பும் முகவரிகள்: பல செயலிகளில் ஓடும் கெர்னலுக்கு ஓர் அலைன்மென்ட் வழிகாட்டி

கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகும் வழியில் உள்ள பால் சங்கம் ஒன்றில், காலைக் கறவை நேரத்தில் ஒருவர் 7 கிலோ 350 கிராம் பால் ஊற்றினார். ரசீதில் 12,91,852 கிலோ என்று வந்தது. எடைத் தராசு அனுப்பும் எண்ணை வாங்கிப் பதிவு செய்யும் சிறிய பெட்டிக்கு இயங்குதளம் எழுதியவன் நான். சங்கத்துச் செயலாளர் அக்கா தொலைபேசியில் நிதானமாகவே சொன்னார்: "தம்பி, தராசு சரியாகத்தான் காட்டுகிறது. உங்கள் பெட்டிதான் வேறு எதையோ எழுதுகிறது. இங்கே இருபது பேர் கேனோடு நிற்கிறார்கள்."

அதே நிரல் என் வீட்டுக் கணினியில் ஆறு மாதம் ஒரு பிழையும் காட்டாமல் ஓடியது. கணினியில் இருந்தது எக்ஸ்86 செயலி. சங்கத்துப் பெட்டியில் இருந்தது பழைய ஆர்ம்9. இரண்டுக்கும் நடுவே விழுந்த பள்ளம்தான் அலைன்மென்ட். கெர்னலோ (இயங்குதளத்தின் மையப் பகுதி) டிரைவரோ (சாதனத்தை இயக்கும் நிரல்) சிறு இயங்குதளமோ எழுதுகிறவர்கள் இந்தப் பள்ளத்தை எப்படித் தாண்டுவது என்பதைப் படிப்படியாக எழுதுகிறேன். சி மொழியும், நினைவகம் என்பது பைட்டுகளின் வரிசை என்ற புரிதலும் இருந்தால் போதும்.

படி 1: கணக்கை ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள்

நான்கு பைட் எண் ஒன்று 4ஆல் மீதியின்றி வகுபடும் முகவரியில் தொடங்க வேண்டும். இரண்டு பைட் எண் இரட்டைப்படை முகவரியில். எட்டு பைட் எண் 8இன் மடங்கில். இதுதான் இயல்பான அலைன்மென்ட். அப்படித் தொடங்காத முகவரியைச் சீர் தப்பிய முகவரி என்று சொல்லிக்கொள்கிறேன். வெண்பாவில் தளை தட்டினால் காது கண்டுபிடித்துவிடும். நினைவகத்தில் அந்தக் காது சில செயலிகளுக்கு உண்டு, சிலவற்றுக்கு இல்லை.

சீர் எதற்கு என்றால், நினைவகத்துக்கும் செயலிக்கும் இடையிலுள்ள பாதை ஒரு நேரத்தில் 4, 8 அல்லது அதற்கும் மேற்பட்ட பைட்டுகளைக் கட்டாகவே கொண்டுவருகிறது. எண் ஒரே கட்டுக்குள் இருந்தால் ஒரே எடுப்பு. இரண்டு கட்டுகளில் காலை விரித்து நின்றால் இரண்டு முறை எடுத்து, வெட்டி ஒட்ட வேண்டும். அந்த வெட்டி ஒட்டும் வேலைக்குச் சில வடிவமைப்பாளர்கள் வன்பொருளிலேயே இடம் கொடுத்தார்கள். மற்றவர்கள் அந்த இடத்தை மிச்சப்படுத்தி, பொறுப்பை நிரல் எழுதுகிறவர் கையில் கொடுத்தார்கள்.

இப்போது தராசுச் செய்தியைப் பிரிப்போம். முதல் பைட் செய்தியின் வகை. அடுத்த நான்கு பைட் கிராமில் எடை, சிறிய இலக்கம் முதலில். அதற்கடுத்த இரண்டு பைட் கொழுப்பு அளவு. கடைசி பைட் சரிபார்ப்பு. அன்று வந்த செய்தியின் முதல் ஐந்து பைட்டுகள்: 77, 182, 28, 0, 0. எடை என்பது 28 பெருக்கல் 256, கூட்டல் 182. அதாவது 7,350 கிராம். தராசின் மேல் குற்றமே இல்லை.

செய்தி வந்து விழுந்த இடம் 4இன் மடங்கு. ஆகவே எடை தொடங்கும் இடம் அதற்கு ஒன்று தள்ளி. நான் எழுதியிருந்தது, அந்த இடத்தின் பாயிண்டரை நான்கு பைட் எண்ணின் பாயிண்டராக வார்ப்பு மாற்றம் (காஸ்ட்) செய்து ஒரே வரியில் படிக்கும் நிரல். ஆர்ம்9 என்பது செயலியின் பெயர், அதன் கட்டளைத் தொகுப்பு 5ஆம் பதிப்போ அதற்கு முந்தையதோதான். ஆர்ம் 5ஆம் பதிப்பிலும் அதற்கு முந்தையவற்றிலும், அலைன்மென்ட் சோதனையை இயக்கி வைக்காவிட்டால், இந்த மாதிரிப் படிப்பு பிழையாகவும் நிற்காது, சரியாகவும் வராது. செயலி முகவரியின் கடைசி இரண்டு பிட்டுகளைக் கழற்றிவிட்டுச் சீரான இடத்திலிருந்து நான்கு பைட் எடுக்கிறது: 77, 182, 28, 0. பிறகு முகவரி எத்தனை பைட் தள்ளியிருந்ததோ அத்தனை பைட் சுழற்றுகிறது. முன்னால் இருந்த 77 கடைசிக்குப் போய் 182, 28, 0, 77 என்று ஆகிறது. கடைசி பைட்டின் மதிப்பு 1,67,77,216. அதை 77ஆல் பெருக்கி 7,350ஐக் கூட்டினால் 1,29,18,52,982 கிராம். ரசீதில் வந்தது இதே எண்தான்.

இந்தக் கணக்கை நோட்டில் போட்டு முடித்தபோது இன்னொன்றும் விளங்கியது. பெட்டியை அனுப்பும் முன் அதே ஆர்ம்9 பலகையில் நான் ஓட்டிய சோதனைச் செய்திகளில் வகை எண் 0. அப்போது சுழன்று கடைசிக்கு வந்ததும் 0. எடை சரியாகவே தெரிந்தது. தவறான வழியில் சரியான விடை வந்து, நிரல் தேர்வில் தேறிவிட்டது. ஆகவே சோதனைத் தரவில் சுழியங்களை வைக்காதீர்கள். ஒவ்வொரு பைட்டுக்கும் வேறு வேறு மதிப்பு கொடுங்கள்.

படி 2: உங்கள் செயலியின் குணத்தை அறியுங்கள்

வாளையாரில் வணிகவரிச் சோதனைச்சாவடி இருந்த காலத்தை எங்கள் ஊர்க்காரர்கள் மறக்கமாட்டார்கள். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வரும்வரை, ஒரே சரக்கு ஒரு சாவடியில் கைகாட்டி அனுப்பப்படும், இன்னொன்றில் நாள் கணக்கில் நிற்கும். சீர் தப்பிய முகவரியைச் செயலிகள் நடத்தும் விதமும் இப்படித்தான் ஊருக்கு ஊர் மாறுகிறது.

எக்ஸ்86 சாதாரணப் படிப்பு, எழுத்துகளை அப்படியே அனுமதிக்கும். எண் கேஷின் (செயலியை ஒட்டிய வேகமான சிறு நினைவகம்) 64 பைட் வரிசை ஒன்றின் எல்லையைத் தாண்டினால் கொஞ்சம் தாமதம், அவ்வளவுதான். 1989இல் வந்த 486 முதல் அலைன்மென்ட் சோதனைக் கொடி ஒன்று இருக்கிறது. அது பயனர் நிலையில் மட்டுமே வேலை செய்யும், கெர்னல் நிலையில் செய்யாது. ஆனால் எக்ஸ்86 எதையும் பொறுத்துக்கொள்ளும் என்று நம்பிவிட வேண்டாம். பல எண்களை ஒரே நேரத்தில் கையாளும் எஸ்எஸ்இ கட்டளைகளில் 16 பைட் சீர் கேட்பவற்றுக்குத் தப்பிய முகவரி கொடுத்தால் உடனே விதிவிலக்கு (எக்ஸ்செப்ஷன் என்னும் பிழை) எழும். அந்தக் கட்டளைகளை நீங்கள் எழுத வேண்டும் என்பதுகூட இல்லை. சி மொழித் தரத்தின்படி சீர் தப்பிய பாயிண்டர் செல்லாது. ஆகவே "இது சீரானதுதான்" என்று நம்பிக்கொண்டு கம்பைலரே உங்கள் சுழலை அப்படி மாற்றி எழுதலாம்.

ஸ்பார்க் கறாரானது. தப்பினால் ட்ராப், அதாவது நிரலை நிறுத்திக் கெர்னலிடம் ஒப்படைத்துவிடும். மிப்ஸும் முகவரிப் பிழை என்று நிறுத்தும். ஆனால் அதில் எண்ணின் இடது பாதியையும் வலது பாதியையும் தனித்தனியே எடுக்கும் இரண்டு கட்டளைகள் இருந்தன. 6ஆம் வெளியீட்டில் அவை நீக்கப்பட்டன. ஆல்ஃபாவிலும் ட்ராப்தான், கெர்னல் அதைப் பிடித்துச் சரிசெய்யும்.

ஆர்ம் 6ஆம் பதிப்பு முதல் சாதாரண ஒற்றைப் படிப்புகளை வன்பொருளே பார்த்துக்கொள்கிறது. பல ரெஜிஸ்டர்களை (செயலிக்குள் உள்ள சிறு சேமிப்பிடங்கள்) ஒரே மூச்சில் நிரப்பும் கட்டளைகளும், தனியுரிமைப் (எக்ஸ்க்ளூசிவ்) படிப்பு, எழுத்துக் கட்டளைகளும் 32 பிட் ஆர்மில் இன்றும் சீர் கேட்கின்றன. 64 பிட் ஆர்ம் இன்னும் தாராளம். ஆனால் அந்தத் தாராளம் சாதாரண நினைவகத்துக்கு மட்டும்தான். சாதனங்களின் ரெஜிஸ்டர்கள் முகவரிகளாகத் தெரியும் சாதன நினைவகத்தில் தப்பினால் பிழை. இதைப் பற்றி விரிவாகப் பின்னால் சொல்கிறேன்.

ரிஸ்க்-ஃபைவ் முடிவை ஒவ்வொரு தயாரிப்பாளருக்கும் விட்டுவிட்டது. ஒருவர் வன்பொருளில் செய்வார். இன்னொருவருடைய செயலியில் ட்ராப் எழுந்து, இயந்திர நிலையில் இருக்கும் ஓப்பன்எஸ்பிஐ போன்ற அடித்தள மென்பொருள் பைட் பைட்டாகப் படித்துக் கொடுக்கும். நிரலுக்கு வித்தியாசமே தெரியாது, வேகம் மட்டும் விழும். லினக்ஸில் ஹெச்டபிள்யூ-ப்ரோப் என்ற அழைப்பின் வழியே இது வேகமா, மெதுவா, மென்பொருளால் போலச்செய்யப்படுகிறதா (எமுலேஷன்) என்று கேட்டறியலாம். எங்கள் எல்லையோர மாணவர்களிடம் இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எங்களுக்கு உரிய இரண்டு தலைநகரங்களிலும் ரிஸ்க்-ஃபைவ் செயலிகள் பிறந்திருக்கின்றன: திருவனந்தபுரத்தில் சி-டாக் உருவாக்கிய வேகா, சென்னை ஐஐடி உருவாக்கிய ஷக்தி. கையில் கிடைக்கும் பலகையின் கையேட்டில் இந்த ஒரு பக்கத்தை முதலில் படியுங்கள்.

என் கருத்தில் நிறுத்திவிடும் செயலியே நல்ல நண்பன். சுழற்றிக் கொடுக்கும் பழைய ஆர்ம்தான் கொடியது. ஸ்பார்க் பலகையாக இருந்திருந்தால் அந்தப் பிழை என் மேசையிலேயே பிடிபட்டிருக்கும், பால்காரர் வரிசைக்குப் போயிருக்காது.

படி 3: பிறக்கும் இடங்களைப் பட்டியல் போடுங்கள்

நீங்கள் சாதாரணமாக அறிவிக்கும் மாறிகளைக் கம்பைலர் சீராகவே வைக்கும். சிக்கல் பிறப்பது வெளியிலிருந்து தரவு நுழையும் வாசல்களில்தான். உங்கள் நிரலில் பாயிண்டரின் வகையை மாற்றும் ஒவ்வொரு வார்ப்பையும் தேடி எடுத்து, "இந்த பைட்டுகள் எங்கிருந்து வந்தன?" என்று கேளுங்கள். சில வாசல்களை நானே காட்டுகிறேன்.

வலையமைப்பு: ஈதர்நெட் தலைப்பு 14 பைட். 4இன் மடங்கில் பாக்கெட் வந்து விழுந்தால் ஐபி தலைப்பு 14இல் தொடங்கும். அதில் உள்ள நான்கு பைட் முகவரிகள் எல்லாம் இரண்டு பைட் தள்ளிப் போகும். பழங்காலத் தீர்வு எளியது: பாக்கெட்டையே 2 பைட் தள்ளி வாங்கினால் ஐபி தலைப்பு 16இல் உட்காரும். லினக்ஸில் நெட்-ஐபி-அலைன் என்ற மாறிலி இதற்குத்தான். எக்ஸ்86இல் அதன் மதிப்பு 0, ஏனென்றால் அங்கே தள்ளுவதால் பயனில்லை.

வட்டு: ஃபேட் கோப்பு முறையின் முதல் பிரிவில் (செக்டர்), ஒரு பிரிவுக்கு எத்தனை பைட் என்ற இரண்டு பைட் எண் 11ஆம் இடத்தில் இருக்கிறது. ஒற்றைப்படை. பழைய வட்டுப் பகுப்பு அட்டவணை 446ஆம் பைட்டில் தொடங்குகிறது. முதல் பகுதியின் தொடக்கத்தைச் சொல்லும் நான்கு பைட் எண் 454இல். அது 4ஆல் வகுபடாது. சொந்தமாக இயங்குதளம் எழுதும் மாணவர்கள் பெரும்பாலோர் முதலில் எழுதும் கோப்பு முறை ஃபேட்தான். முதல் நாளே இந்தக் கல்லில் கால் இடறும்.

யூஎஸ்பி: சாதனம் தன்னைப் பற்றிச் சொல்லும் விவரணைகள் 9, 9, 7, 7 என்ற நீளங்களில் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு வருகின்றன. முதல் முனையின் (எண்ட்பாயிண்ட்) அதிகபட்ச பாக்கெட் அளவு 22இல், அதாவது சீராக. இரண்டாம் முனையினுடையது 29இல். ஒரே ஒரு முனை உள்ள சாதனத்தை மட்டும் வைத்துச் சோதித்தவருக்கு இது தெரியவே தெரியாது.

ஏசிபிஐ (வன்பொருள் விவரங்களை இயங்குதளத்துக்குச் சொல்லும் அட்டவணைகள்): மற்ற அட்டவணைகளின் முகவரிகளைத் தரும் எக்ஸ்எஸ்டிடி அட்டவணையின் தலைப்பு 36 பைட், அதன் பின்னால் எட்டு பைட் முகவரிகள். 36, எட்டால் வகுபடாது. அதே வேலையைச் செய்யும் சாதன மர (டிவைஸ் ட்ரீ) வடிவத்திலும் இதே கதை உண்டு. அதில் பண்புகளின் மதிப்புக்கு 4 பைட் சீர்தான் உறுதி. இரண்டு 4 பைட் அறைகள் சேர்ந்த 64 பிட் முகவரியை ஒரே எடுப்பில் எடுக்கக்கூடாது.

படி 4: பைட்டுகளைப் பைட்டுகளாகவே படியுங்கள்

இதுவே இந்த வழிகாட்டியின் நடுநாயகம். வெளியிலிருந்து வந்த தரவுக்குச் சி மொழியின் எண் வகை கிடையாது. அது வெறும் பைட் வரிசை. அதிலிருந்து எண்ணை நீங்கள்தான் கட்ட வேண்டும். முதல் பைட்டை எடுங்கள். இரண்டாவதை 8 பிட் இடப்பக்கம் நகர்த்திச் சேருங்கள். மூன்றாவதை 16, நான்காவதை 24. நகர்த்தும் முன் ஒவ்வொன்றையும் குறியற்ற 32 பிட் எண்ணாக மாற்றிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் நான்காவது பைட் 127ஐத் தாண்டும்போது குறி பிட்டில் சிக்கல் வரும். இந்தச் சிறு செயற்கூறு எந்தச் செயலியிலும் ஒரே விடை தரும். பைட் ஒழுங்கு எதிர்த்திசையில் இருக்கும் செயலிகளிலும் கூடத்தான்.

மாற்று வழி மெம்காப்பி. நான்கு பைட்டுகளை ஒரு உள்ளூர் மாறிக்குள் நகலெடுங்கள். "ஒரு எண்ணுக்காக ஒரு செயற்கூறு அழைப்பா?" என்று கவலை வேண்டாம். அளவு நிலையானதாக இருந்தால், சீர் தப்பலைப் பொறுக்கும் செயலியில் கம்பைலர் அதை ஒரே படிப்புக் கட்டளையாக மாற்றிவிடும். கறாரான செயலியில் பைட் படிப்புகளாக உடைத்துத் தரும். நீங்கள் நினைத்ததைத் தெளிவாகச் சொல்லிவிட்டீர்கள், செயலிக்கேற்ற வழியை அது தேர்ந்துகொள்கிறது. மெம்காப்பியில் பைட் ஒழுங்கு மாறாது என்பதால், ஒழுங்கு மாற்றத்தைத் தனியே செய்ய மறக்காதீர்கள்.

லினக்ஸ் கெர்னலில் இவை ஆயத்தமாகவே கிடைக்கின்றன: கெட்-அன்அலைண்ட், புட்-அன்அலைண்ட் என்ற குடும்பம். பைட் ஒழுங்கையும் அளவையும் பெயரிலேயே சொல்லும் வகைகள் உண்டு. அவற்றையே பயன்படுத்துங்கள், படிப்பவருக்கும் நோக்கம் புரியும். ஃப்ரீபிஎஸ்டி, நெட்பிஎஸ்டி, ஓப்பன்பிஎஸ்டி ஆகியவற்றில் கறாரான செயலியா இல்லையா என்பதைச் சொல்லும் மாக்ரோக்கள் இருக்கின்றன. வேகத்துக்காக இரண்டு பாதை எழுத நேர்ந்தால் மட்டும் அவற்றைப் பாருங்கள். அளந்து பார்க்காமல் இரண்டு பாதை எழுதுவது வீண் வேலை.

பேக்டு ஸ்ட்ரக்ட் என்ற மூன்றாவது வழியைப் பலரும் முதலில் எடுக்கிறார்கள். உறுப்புகளுக்கு இடையே நிரப்பு பைட் வைக்காதே என்று கம்பைலரிடம் சொல்கிறோம். தராசுச் செய்தி அப்படியே எட்டு பைட்டில் அடங்கிவிடுகிறது. ஸ்ட்ரக்ட் வழியாக உறுப்பைத் தொடும்வரை கம்பைலர் விழிப்பாக இருக்கும். ஆனால் எடை உறுப்பின் முகவரியை மட்டும் எடுத்து வேறொரு செயற்கூறுக்குக் கொடுத்த நொடியில், அது சாதாரண எண்ணின் பாயிண்டர் ஆகிவிடும். சீர் தப்பியது என்ற செய்தி வழியிலேயே தொலைந்துவிடும். ஜிசிசி கம்பைலரின் 9ஆம் பதிப்பு முதல் இதற்கு எச்சரிக்கை வருகிறது. அந்த எச்சரிக்கையை அணைத்து வைத்த நிரல்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதறுகிறது.

சாதன ரெஜிஸ்டர்களுக்குப் பேக்டு ஸ்ட்ரக்டை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். கறாரான செயலிக்குத் தொகுக்கும்போது, 32 பிட் ரெஜிஸ்டர் ஒன்றை நான்கு பைட் படிப்புகளாகக் கம்பைலர் உடைத்துவிடலாம். படித்தவுடன் அழியும் நிலைப் பிட்டுகள் உள்ள சாதனத்தில் முதல் பைட்டைத் தொட்டபோதே மற்றவை போய்விடும்.

படி 5: கெர்னலும் பயனர் நிரலும் பகிரும் ஸ்ட்ரக்ட்

இங்கே ட்ராப் வராது, வடிவம்தான் மாறும். ஒரு 32 பிட் எண், அடுத்து ஒரு 64 பிட் எண். 32 பிட் எக்ஸ்86 லினக்ஸில் இந்த ஸ்ட்ரக்டின் அளவு 12 பைட், ஏனென்றால் அங்கே ஸ்ட்ரக்டுக்குள் 64 பிட் எண்ணுக்கு 4 பைட் சீர் போதும். 64 பிட் எக்ஸ்86இல் 16 பைட். பழைய 32 பிட் நிரல் புதிய 64 பிட் கெர்னலிடம் இதைக் கொடுத்தால், இரண்டாவது எண்ணை இருவரும் வெவ்வேறு இடத்தில் தேடுவார்கள். ஈபோல் (பல கோப்புகளின் நிகழ்வுகளுக்குக் காத்திருக்கும் வசதி) நிகழ்வு ஸ்ட்ரக்டை லினக்ஸ் 64 பிட் எக்ஸ்86இல் பேக்டு என்று குறித்திருப்பதற்கு இதுதான் காரணம்.

புதிதாக எழுதுகிறவர்களுக்கு என் பரிந்துரை: பெரிய உறுப்புகளை முதலில் வையுங்கள். நிரப்பு பைட்டுகளை நீங்களே பெயர் கொடுத்து அறிவித்துச் சுழியமாக்குங்கள். பெயரற்ற நிரப்பில் கெர்னலின் பழைய தரவு பயனரிடம் கசியும். ஸ்ட்ரக்டின் மொத்த அளவையும் ஒவ்வொரு உறுப்பின் இடத்தையும் ஸ்டாட்டிக் அசெர்ட் போட்டுக் கட்டிவையுங்கள். தவறினால் தொகுப்பே நிற்கும்.

படி 6: வன்பொருள் கேட்கும் சீர்

சிலவற்றில் பேரம் கிடையாது. நினைவக முகவரிகளை மாற்றித் தரும் பக்க அட்டவணை, 4 கிலோபைட் பக்கமானால் அதே அளவுக்குச் சீராக இருக்க வேண்டும். 64 பிட் ஆர்மின் விதிவிலக்கு அட்டவணை 2,048இன் மடங்கில். எக்ஸ்86இல் மிதப்புப் புள்ளி நிலையைச் சேமிக்கும் பழைய கட்டளைக்கு 16, புதிய எக்ஸ்சேவ் கட்டளைக்கு 64.

அடுக்கைப் (ஸ்டாக்) பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் புதிய இழையை (த்ரெட்) உருவாக்கும் நிரலில் இந்தப் பிழை திரும்பத் திரும்ப வருகிறது. லினக்ஸும் பிஎஸ்டிகளும் பின்பற்றும் 64 பிட் எக்ஸ்86 அழைப்பு மரபில், அழைப்புக் கட்டளைக்குச் சற்று முன் அடுக்கு 16இன் மடங்காக இருக்க வேண்டும். கட்டளை திரும்பும் முகவரியை அடுக்கில் வைப்பதால், செயற்கூறுக்குள் நுழையும்போது 8 பைட் தள்ளியிருக்கும். புதிய இழையின் அடுக்கை நீங்கள் கையால் கட்டித் தாவல் கட்டளையால் உள்ளே போனால், அந்த 8 பைட்டை நீங்களே தள்ளி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும், மிதப்புப் புள்ளியைத் தொடும் முதல் செயற்கூறு வரை. 64 பிட் ஆர்மில் சோதனை இயங்கியிருந்தால், 16இன் மடங்கல்லாத அடுக்குச் சுட்டியால் நினைவகத்தைத் தொட்டவுடனேயே பிழை எழும். ரிஸ்க்-ஃபைவ் மரபும் 16தான். 32 பிட் ஆர்மில் 8.

படி 7: எம்எம்யூ எழும் முன்னும் சாதன நினைவகத்திலும்

64 பிட் ஆர்மில் தொடக்க நிரல் எழுதுகிறவர்கள் விழும் குழி இது. நினைவக முகவரிகளை மாற்றித் தரும் வன்பொருளான எம்எம்யூ அணைந்திருக்கும்வரை செயலி எல்லாத் தரவு நினைவகத்தையும் சாதன நினைவகம் போலவே நடத்துகிறது. ஆகவே பின்னால் தாராளமாக அனுமதிக்கப்படும் அதே படிப்பு, தொடக்கத்தில் அலைன்மென்ட் பிழையாக நிற்கும். அச்சிடும் வசதிகூட இன்னும் எழாத கட்டம் அது. திரை கறுப்பாகவே இருக்கும். உங்கள் சி நிரல் சீராக இருந்தாலும், அடுத்தடுத்த இரண்டு சிறு உறுப்புகளைக் கம்பைலர் ஒன்றாக இணைத்துச் சீர் தப்பிய ஒரே எழுத்தாக மாற்றலாம். எம்எம்யூ எழும் முன் ஓடும் கோப்புகளை மட்டும் ஸ்ட்ரிக்ட்-அலைன் தெரிவோடு தொகுத்தால் இது தீரும்.

சாதன நினைவகத்தில் மெம்காப்பி கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வேகத்துக்காக எழுதப்பட்ட மெம்காப்பி, வால் பகுதியைச் சீர் தப்பிய எழுத்துகளால் முடிப்பது வழக்கம். லினக்ஸில் இதற்கென்றே சாதன நினைவகத்திலிருந்தும் சாதன நினைவகத்துக்கும் நகலெடுக்கும் தனிச் செயற்கூறுகள் உண்டு.

படி 8: ட்ராப் கையாளி

கறாரான செயலியில் பயனர் நிரல் சீர் தப்பினால் கெர்னல் என்ன செய்வது? ஒன்று, நிரலுக்குச் சிக்னல் அனுப்பி நிறுத்துவது. இரண்டு, போலச்செய்து தொடரவிடுவது. 32 பிட் ஆர்ம் லினக்ஸில் ப்ராக் கோப்பு முறையில், சிபியூ அடைவின் அலைன்மென்ட் கோப்பில் ஒரு எண்ணை எழுதி இதைத் தேர்ந்துகொள்ளலாம்: 2 என்றால் சரிசெய், 3 என்றால் சரிசெய்து எச்சரி, 4 என்றால் சிக்னல். உருவாக்கக் காலத்தில் எப்போதும் சிக்னல் வையுங்கள்.

போலச்செய்யும் கையாளியை நீங்களே எழுதுவதானால், ட்ராப் எழுந்த கட்டளையைப் படித்து அது படிப்பா எழுத்தா, எத்தனை பைட், எந்த ரெஜிஸ்டர் என்று பிரியுங்கள். ரிஸ்க்-ஃபைவில் காரண எண் 4 என்றால் படிப்பு, 6 என்றால் எழுத்து. பைட் பைட்டாக நகலெடுத்து ரெஜிஸ்டரில் வையுங்கள். குறி உள்ள வகையானால் குறியை நீட்டுங்கள். பிறகு கட்டளைச் சுட்டியை நகர்த்துங்கள். சுருக்கக் கட்டளையானால் 2 பைட், மற்றபடி 4. எப்போதும் 4 நகர்த்திய கையாளி ஒரு கட்டளையை விழுங்கிவிடும்.

மூன்று இடங்களில் எச்சரிக்கை தேவை. எண் இரண்டு பக்கங்களில் விரிந்து நிற்கும்போது இரண்டாவது பக்கம் நினைவகத்தில் இல்லாமல் இருக்கலாம். அப்போது வழக்கமான பக்கப் பிழையாக அதை நடத்த வேண்டும். பயனர் கொடுத்த முகவரி கெர்னலின் எல்லைக்குள் நீளவில்லை என்று ஒவ்வொரு பைட்டுக்கும் சரிபார்க்க வேண்டும். கையாளியின் சொந்த நிரலில் சீர் தப்பல் இருக்கவே கூடாது, இருந்தால் அது தன்னைத்தானே அழைத்துக்கொண்டு அடுக்கைத் தின்றுவிடும்.

பைட் பைட்டாகப் படிப்பது அணுச்செயல் (நடுவே யாரும் குறுக்கிட முடியாத ஒரே செயல்) அல்ல. நடுவே இன்னொரு செயலி அந்த எண்ணை மாற்றினால் பாதி பழையது, பாதி புதியது கிடைக்கும். ஆகவே பூட்டுகளையும் எண்ணிகளையும் போலச்செய்ய முயலாதீர்கள், பிழையாகவே விடுங்கள். எக்ஸ்86கூட இரண்டு கேஷ் வரிசைகளில் விரிந்த பூட்டுக் கட்டளையை நிறைவேற்ற மொத்தப் பாதையையும் மறித்து, மற்ற எல்லாச் செயலிகளையும் காக்க வைக்கிறது. 2020இல் வந்த லினக்ஸ் 5.7 முதல், ஆதரவுள்ள செயலிகளில் இதைக் கண்டுபிடிக்கும் வசதி இருக்கிறது.

டிஎம்ஏ, அதாவது செயலியின் உதவியின்றிச் சாதனமே நினைவகத்தில் நேராகப் படித்து எழுதுவது, பற்றி ஒரு சொல். கேஷோடு ஒத்திசையாத டிஎம்ஏ உள்ள பலகைகளில், சாதனம் எழுதும் இடம் கேஷ் வரிசையின் தொடக்கத்தில் தொடங்கி வரிசை முடிவில் முடிய வேண்டும். பக்கத்து மாறி அதே வரிசையில் குடியிருந்தால், கேஷைச் செல்லாததாக்கும்போது அந்த மாறியின் புதிய மதிப்பும் சேர்ந்து போய்விடும்.

படி 9: சோதனை

ஜிசிசியின் காஸ்ட்-அலைன் எச்சரிக்கை எக்ஸ்86க்குத் தொகுக்கும்போது வாய் திறக்காது. ஜிசிசி 8 முதல் உள்ள ஸ்ட்ரிக்ட் வகையைப் போடுங்கள், எந்தச் செயலிக்குத் தொகுத்தாலும் பேசும். அடுத்து, யூபிசான் என்ற ஓட்டநேரச் சோதனையில் அலைன்மென்ட் பகுதியை இயக்கி உங்கள் பிரிப்பு நிரல்களைக் கணினியிலேயே ஓட்டுங்கள். வேறு செயலிகளைப் போலச்செய்யும் மென்பொருளான கியூஇஎம்யூவில் ஓடிவிட்டது என்பதை ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அதில் ஓடும் ரிஸ்க்-ஃபைவ் இயந்திரம் சீர் தப்பிய படிப்பைச் சத்தமின்றி நிறைவேற்றிவிடும், உண்மைப் பலகை நிற்கலாம்.

கடைசியாக, நான் இப்போது எந்தப் பெட்டியையும் வெளியே அனுப்பும் முன் ஓட்டும் ஒரு சோதனை. 16 பைட் சீருள்ள இடம் ஒன்றை எடுத்து, ஒன்றுக்கொன்று வேறான மதிப்புகள் கொண்ட செய்தியை 0 முதல் 15 வரை ஒவ்வொரு தள்ளலிலும் வைத்து, பிரிக்கும் செயற்கூறை அழைக்கிறேன். பதினாறு முறையும் ஒரே விடை வர வேண்டும். பெட்டிக்குள் போகும் அதே பலகையில், அதே தொகுப்புத் தெரிவுகளோடு ஓட்டுகிறேன். தராசுச் செய்திக்கு நான் வைத்திருக்கும் முதல் வரிசை மட்டும் விதிவிலக்கு: பிழையைக் காட்டிக்கொடுத்த அதே 77, 182, 28, 0, 0 என்றே தொடங்குகிறது. இரண்டாவது வரிசையில் எடையின் நான்கு பைட்டுகளும் 0 அல்லாதவை, நான்காவது 127ஐத் தாண்டியது.

திருத்திய நிரலோடு மறுநாள் விடியற்காலை சங்கத்துக்குப் போனேன். முதல் நாளின் தவறான பதிவுகள் எல்லாவற்றையும் திருப்பிக் கணக்கிட முடிந்தது: ஒவ்வொன்றிலிருந்தும் 77 பெருக்கல் 1,67,77,216ஐக் கழித்தால் போதும். செயலாளர் அக்கா பேரேட்டைத் திறந்து வைத்து, ஒவ்வொரு பெயராக நான் வாசித்த எடையோடு கையால் எழுதிய சீட்டை ஒப்பிட்டார். நாற்பத்திரண்டு பெயர்கள். எல்லாம் கிராம் சுத்தமாக ஒத்துப்போயின.